தையற்காரர் மகன் படைத்த அணுக் கப்பல்

ஒரு மனிதர் எத்தனை ஆண்டுகள் உத்தியோகம் பார்க்க முடியும்? முப்பது ஆண்டு? நாற்பது ஆண்டு?

அமெரிக்கக் கடற்படையில் ஒருவர் 63 ஆண்டுகள் வேலை பார்த்தார்! 18 வயதில் சேர்ந்தார். 82 வயதில்தான் வெளியே வந்தார். அதுவும் தானாக வரவில்லை. "போதும், போய் வாருங்கள்" என்று அனுப்பி வைத்தார்கள்.

அவருடைய காலத்தில் அமெரிக்காவுக்கு 13 ஜனாதிபதிகள் வந்து போனார்கள். உட்ரோ வில்சன் ஜனாதிபதியாக இருந்தபோது உத்தியோகத்தில் சேர்ந்தவர், ரொனால்ட் ரீகன் காலத்தில் ஓய்வு பெற்றார்.

அவர் பெயர் ஹைமன் ரிக்கோவர். உலகத்தின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை உருவாக்கிய அட்மிரல் அவர்தான்.

ஆள் குள்ளம், ஒல்லி. தலை முழுவதும் நரை. கடற்படை உடுப்பை அணிவது அவருக்குப் பிடிக்காது. சாதாரணக் கோட்டுதான் போடுவார். தெருவில் பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அவர் பெயரைக் கேட்டால் பெரிய பெரிய தளபதிகளும் கப்பல் கம்பெனி முதலாளிகளும் நடுங்கினார்கள்.

தந்தி கொண்டு போன சிறுவன்

ரிக்கோவர் பிறந்தது போலந்து நாட்டில், மாக்குவ் என்ற சிற்றூரில். அப்போது அந்தப் பகுதி ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. தகப்பனார் தையல் வேலை செய்பவர். யூத மதத்தைச் சேர்ந்த குடும்பம். அந்தக் காலத்தில் அங்கே யூதர்களுக்கு நிம்மதி இல்லை. அடி, உதை, வீடு எரிப்பு என்று கலவரங்கள் நடந்தன.

தகப்பனார் முதலில் தனியாக அமெரிக்காவுக்குப் போனார். தையல் வேலை செய்து காசு சேர்த்தார். பிறகு மனைவியையும் குழந்தைகளையும் வரவழைத்தார். குடும்பம் சிகாகோ நகரத்தில் குடியேறியது.

வீட்டில் வசதி கிடையாது. சிறுவன் ரிக்கோவர் பள்ளிக்கூடம் விட்டதும் வேலைக்குப் போவான். வீடு வீடாகத் தந்தி கொண்டு போய்க் கொடுப்பது அவன் வேலை. பகலில் படிப்பு; மாலையிலும் இரவிலும் தந்தி.

கல்லூரிக்கு அனுப்பத் தகப்பனாரிடம் பணம் இல்லை. ஆனால் அனாபொலிஸ் நகரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தால் படிப்பும் சாப்பாடும் இலவசம். பாராளுமன்ற அங்கத்தினர் ஒருவர் சிபாரிசு செய்தால்தான் அங்கே இடம் கிடைக்கும். அந்தச் சிபாரிசு கிடைத்தது. 1918-ம் ஆண்டு ரிக்கோவர் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு நண்பர்கள் குறைவு. விளையாட்டு, நடனம் எதிலும் அவர் சேரவில்லை. புத்தகமே துணை. 1922-ல் தேர்வு முடிந்தபோது 540 பேரில் 107-வது இடம் பெற்றார்.

ஒரே ஒரு கப்பல்

கடற்படை அதிகாரி என்றால் கப்பலுக்குத் தலைவராக இருப்பதுதான் பெருமை. ரிக்கோவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு கப்பலுக்குத்தான் தலைவராக இருந்தார். அதன் பெயர் "பிஞ்ச்". சீனக் கடலோரத்தில் நின்ற பழைய கப்பல் அது. கடலில் புதைத்த கண்ணிவெடிகளை வாரி எடுக்கக் கட்டப்பட்டது. 1937-ல் சில மாதங்கள்தான் அந்தப் பதவி.

அவருக்குப் பிடித்தது இயந்திரம். கொலம்பியா சர்வகலாசாலையில் மின்சார இஞ்சினீயரிங் படித்துப் பட்டம் வாங்கியிருந்தார். எனவே கப்பல் தலைமையை விட்டுவிட்டு இஞ்சினீயர் பிரிவுக்கு மாறிக்கொண்டார்.

கொலம்பியாவில் அவருக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. அங்கே சர்வதேசச் சட்டம் படித்துக்கொண்டிருந்த ரூத் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1931-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. மனைவி பெரிய படிப்பாளி. கணவரின் படிப்பு ஆசையை இன்னும் வளர்த்தவர் அவர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டன. "கலிபோர்னியா" என்ற போர்க்கப்பல் மூழ்கியது. அதன் மின்சார இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு 1942 ஏப்ரலில் ரிக்கோவர் விமானத்தில் பறந்து போனார்.

போர்க்காலத்தின் பெரும்பகுதியில் கடற்படைக் கப்பல்களின் மின்சாரப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சாமான் சரியில்லை என்றால் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு வறுத்து எடுத்துவிடுவார்.

அணுவுக்குள் ஒரு அடுப்பு

1946-ல் ஓக் ரிட்ஜ் என்ற இடத்துக்கு அவரை அனுப்பினார்கள். அணுகுண்டுக்கு யுரேனியம் தயாரித்த இடம் அது. "அணுசக்தியால் கப்பல் ஓட்ட முடியுமா என்று பார்த்து வாருங்கள்" என்பது உத்தரவு.

அந்தக் காலத்து நீர்மூழ்கிக் கப்பல் எப்படி ஓடியது? நீருக்கு மேலே இருக்கும்போது டீசல் இஞ்சின் ஓடும். டீசல் எரியக் காற்று வேண்டும். நீருக்கு அடியில் காற்று ஏது? ஆகவே உள்ளே போனதும் பாட்டரியில்தான் ஓட வேண்டும். பாட்டரி ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். மறுபடி மேலே வந்தாக வேண்டும். வந்தால் எதிரி பார்த்துவிடுவான்!

அணு உலைக்குக் காற்று வேண்டாம். யுரேனிய அணு பிளந்தால் வெப்பம் வரும். அந்த வெப்பத்தால் தண்ணீர் சூடாகும். அதிலிருந்து நீராவி எடுக்கலாம். நீராவி சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் கப்பலைத் தள்ளும். ஒரு முறை யுரேனியம் போட்டால் ஆயிரக்கணக்கான மைல் ஓடலாம்.

கேட்பதற்குச் சுலபம். செய்வது? அணு உலை என்பது அப்போது பெரிய கட்டடம் போல இருந்தது. அதைக் கப்பலுக்குள் அடங்கும்படி சுருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மாலுமிகள் மீது கதிர்வீச்சு படக் கூடாது. கப்பல் ஆடினாலும் சாய்ந்தாலும் உலை கெடக் கூடாது.

"இது நடக்காத காரியம்" என்றார்கள் பலர். வாஷிங்டனில் ரிக்கோவருக்குக் கொடுத்த அறை, பெண்கள் கழிப்பறையாக இருந்து கைவிடப்பட்ட அறை என்று சொல்வார்கள். அவர் கவலைப்படவில்லை. மேலதிகாரிகளைக் கண்டு பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். 1949-ல் கடற்படையின் அணு உலைப் பிரிவுக்கு அவரே தலைவரானார். சர்க்காரின் அணுசக்தி கமிஷனிலும் அதே வேலைக்கு அவர்தான் தலைவர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடற்படை அதிகாரி ரிக்கோவர், கமிஷன் அதிகாரி ரிக்கோவருக்குக் கடிதம் எழுதுவார். கமிஷன் அதிகாரி உடனே சம்மதம் தெரிவிப்பார். காரியம் மளமளவென்று நடந்தது!

தரையில் ஓடிய கப்பல்

முதலில் இடாஹோ மாகாணத்தின் வறண்ட சமவெளியில் ஒரு மாதிரி உலை கட்டினார்கள். சமுத்திரம் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால். அங்கே கப்பலின் இயந்திர அறையை அப்படியே அமைத்து, அதற்குள் உலையை வைத்தார்கள்.

1953 ஜூன் மாதம் முழு வேகத்தில் சோதனை நடந்தது. 24 மணி நேரம் ஓட்டுவது என்று திட்டம். நேரம் முடிந்தது. "போதும், நிறுத்தலாம்" என்றார்கள் இஞ்சினீயர்கள்.

"நிறுத்தாதீர்கள்! ஓடட்டும்" என்றார் ரிக்கோவர்.

அட்லாண்டிக் சமுத்திரத்தின் வரைபடம் ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார். உலை ஓடும் நேரத்தைக் கணக்கிட்டு, கப்பல் இப்போது எங்கே போயிருக்கும் என்று படத்தில் கோடு போட்டார்கள். அமெரிக்கக் கரையிலிருந்து அயர்லாந்துக் கரை வரை கோடு நீண்டது. நான்கு நாட்கள்! எங்கும் நிற்காமல், ஒரு தடவைகூட மேலே வராமல், ஒரு கப்பல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்துவிட்டது, தரையில் இருந்தபடியே!

வேலை போகும் நேரம்

இவ்வளவு செய்தவருக்குக் கடற்படை என்ன பரிசு கொடுத்தது?

1952 ஜூன் 14-ந் தேதி ஜனாதிபதி ட்ரூமன் வந்து "நாட்டிலஸ்" என்ற முதல் அணுக் கப்பலின் கட்டுமானத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த மாதமே கடற்படை அதிகாரிகள் கூடிப் பதவி உயர்வுப் பட்டியல் தயாரித்தார்கள். அதில் ரிக்கோவர் பெயர் இல்லை. முந்தின ஆண்டும் இல்லை.

இரண்டு முறை பட்டியலில் பெயர் விட்டுப் போனால் கேப்டன் பதவியில் உள்ளவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது அன்றைய நடைமுறை. அணுக் கப்பல் பாதி கட்டிய நிலையில் அதைக் கட்டுகிறவருக்கு வேலை போகும் நிலை!

காரணம் என்ன? அவருடைய வாய்தான். யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே குறை சொல்வார். மரியாதை, சம்பிரதாயம் பார்க்க மாட்டார். அதனால் அவருக்கு விரோதிகள் அதிகம். அவர் யூதர் என்பதும் ஒரு காரணம் என்று சிலர் பேசினார்கள்.

பத்திரிகைகளில் செய்தி வந்தது. பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. செனட் சபைக் கமிட்டி, பதவி உயர்வுக்குத் தேர்ந்தெடுத்திருந்த 39 கேப்டன்களின் பட்டியலையே நிறுத்தி வைத்தது. கடற்படை இறங்கி வந்தது. 1953-ல் ரிக்கோவர் ரியர் அட்மிரல் ஆனார்.

ஒரு குழாய் வெடித்தது

1954 ஜனவரி 21-ந் தேதி ஜனாதிபதி ஐசனோவரின் மனைவி மாமி, ஷாம்பேன் புட்டியை உடைத்து நாட்டிலஸ் கப்பலைத் தண்ணீரில் இறக்கினார். செப்டம்பரில் கடைசிச் சோதனைகள் நடந்தன. அப்போது ஒரு சிறு நீராவிக் குழாய் வெடித்தது.

துருவிப் பார்த்தார்கள். ஒட்டுப் போடாத கனத்த குழாய் வைக்க வேண்டிய இடத்தில், கைப்பிடிக் கம்பிக்கு உதவும் சாதாரணக் குழாயை வைத்திருந்தார்கள்! வேறு எங்கெங்கே அந்த மாதிரிக் குழாய் இருக்கிறது? வெளியே பார்த்தால் தெரியாது.

ரிக்கோவர் யோசிக்கவில்லை. "அந்த அளவுள்ள நீராவிக் குழாய் எல்லாவற்றையும் பிடுங்கி எறியுங்கள். புதிது போடுங்கள்" என்றார். நாள் ஆகும், பணம் ஆகும் என்றார்கள். அவர் கேட்கவில்லை. குழாய் கடலுக்கு அடியில் வெடித்திருந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன?

1955 ஜனவரி 17-ந் தேதி நாட்டிலஸ் கடலுக்குப் புறப்பட்டது. "அணுசக்தியால் ஓடிக்கொண்டிருக்கிறோம்" என்று கப்பலிலிருந்து செய்தி வந்தது. உலகக் கப்பல் சரித்திரத்தில் புதிய நாள் அது.

அதே ஆண்டு மே மாதம், நாட்டிலஸ் நீருக்கு அடியிலேயே 1,381 மைல் தூரத்தை 90 மணி நேரத்துக்குள் கடந்தது. 1958 ஆகஸ்டு 3-ந் தேதி, வட துருவத்தில் பனிப்பாளத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. உள்ளே 116 பேர் இருந்தார்கள். வெள்ளை மாளிகையில் பாராட்டு விழா நடந்தது. கப்பலைக் கட்டிய ரிக்கோவருக்கு அதற்கு அழைப்பு இல்லை! பாராளுமன்ற அங்கத்தினர்கள் கொதித்து எழுந்தார்கள். அதே ஆண்டில் அவர் வைஸ் அட்மிரல் ஆனார்.

வீட்டுக்கு விளக்கெரியவும் அவர் வேலை உதவியது. பென்சில்வேனியா மாகாணத்தில் ஷிப்பிங்போர்ட் என்ற ஊரில் அமெரிக்காவின் முதல் பெரிய அணு மின்சார நிலையத்தை அவருடைய பிரிவுதான் கட்டியது. 1957 டிசம்பரில் அங்கிருந்து மின்சாரம் வந்தது. 60 ஆயிரம் கிலோவாட் சக்தி.

சாய்ந்த நாற்காலி

அணுக் கப்பலில் வேலை பார்க்க விரும்பும் ஒவ்வொரு அதிகாரியையும் ரிக்கோவரே நேரில் பேட்டி கண்டார். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி வந்து போனார்கள்.

வருகிறவர் உட்கார ஒரு நாற்காலி உண்டு. அதன் முன்கால் இரண்டையும் கொஞ்சம் அறுத்திருப்பார்கள். உட்கார்ந்தால் முன்பக்கம் வழுக்கும். அப்படி வழுக்கிக்கொண்டே ரிக்கோவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நெருக்கடியில் மனிதன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க அவர் கண்ட வழி அது.

ஒரு நாள் ஓர் இளம் அதிகாரி வந்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேள்விகள். கடைசியில் ரிக்கோவர் கேட்டார்: "கடற்படைக் கல்லூரியில் உமக்கு எத்தனையாவது இடம்?"

"820 பேரில் 59-வது இடம், ஐயா" என்றார் இளைஞர் பெருமையோடு. பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தார்.

"உம்மால் முடிந்த அளவு முழுவதும் முயன்றீரா?"

"ஆம்" என்று சொல்ல வாய் எடுத்தார். ஆனால் மனச்சாட்சி உறுத்தியது. "இல்லை ஐயா. எப்போதும் முழு முயற்சி செய்யவில்லை" என்றார்.

ரிக்கோவர் அவரை வெகு நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டே, "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டார். பேட்டி முடிந்தது.

அந்தக் கேள்விக்கு இளைஞரால் பதில் சொல்ல முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் மறக்கவும் முடியவில்லை. அந்த இளைஞர்தான் ஜிம்மி கார்ட்டர். 1977-ல் அவர் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். தம் தகப்பனாருக்கு அடுத்தபடி தம் வாழ்க்கையை உருவாக்கியவர் ரிக்கோவர்தான் என்று கார்ட்டர் சொன்னார்.

ரிக்கோவர் மற்றவர்களை மட்டும் வேலை வாங்கவில்லை. தாமும் ஓயவில்லை. அலுவலகத்தில் தட்டெழுத்தில் அடிக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ரோஜா நிறத் தாளில் ஒரு நகல் அவருக்குப் போக வேண்டும். அத்தனையையும் படிப்பார். புதிய அணுக் கப்பல் சோதனைக்குப் புறப்பட்டால் அவரும் உள்ளே ஏறிக்கொள்வார். "தவறு இருந்தால் நானும் உங்களோடு மூழ்குகிறேன்" என்று சொல்லாமல் சொல்வது போல!

129 உயிர்கள்

1963 ஏப்ரல் 10-ந் தேதி ஒரு துயரம் நடந்தது. "திரெஷர்" என்ற அணு நீர்மூழ்கிக் கப்பல் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஆழச் சோதனைக்கு இறங்கியது. திரும்பி வரவில்லை. உள்ளே இருந்த 129 பேரும் மாண்டார்கள்.

கடல் தண்ணீர் வரும் குழாயில் ஓர் இணைப்பு விட்டுப் போயிருக்கலாம், அதனால் மின்சாரம் கெட்டு உலை நின்றிருக்கலாம் என்று விசாரணையில் கருதினார்கள். ரிக்கோவர் பாராளுமன்றக் கமிட்டியின் முன் வந்தார். குழாய் இணைப்புகளில் ஒரு பகுதியைத்தான் சோதித்தார்கள், சோதித்ததிலும் நூற்றுக்குப் பதினான்கு சரியில்லை, அப்படியிருந்தும் கப்பலைக் கடலுக்கு அனுப்பினார்கள் என்று அம்பலப்படுத்தினார்.

அதன் பிறகு நீர்மூழ்கிக் கப்பல்களின் பாதுகாப்புக்குக் கடுமையான புதிய விதிகள் வந்தன. ரிக்கோவரின் பிரிவும் தன் முறையை மாற்றிக்கொண்டது. நின்ற உலையைச் சீக்கிரமாக மறுபடி ஓட்டப் புதிய வழி வகுத்தார்கள்.

கடைசி வார்த்தை

சட்டப்படி அவர் 1964-லேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை காலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். 1972-ல் மனைவி ரூத் காலமானார். 1973-ல் ரிக்கோவர் முழு அட்மிரல் ஆனார். 1974-ல் கடற்படை நர்ஸ் எலியனோரை மணந்துகொண்டார்.

1981-ல் "லா ஹோயா" என்ற கப்பலின் சோதனையின்போது கட்டுப்பாடு தவறிக் கப்பல் வேகமாக ஆழத்தில் இறங்கியது. நல்ல வேளையாக மீண்டது. அந்தச் சோதனைக்கு ரிக்கோவர்தான் பொறுப்பாளர். "வயதாகிவிட்டது" என்றார் கடற்படை மந்திரி லேமன். அவருடைய பதவிக்காலம் நீட்டப்படவில்லை. அந்தச் செய்தியை மனைவி வானொலியில் கேட்டுச் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது என்பார்கள்.

1982 ஜனவரி மாதம் கடைசி முறையாகப் பாராளுமன்றக் கமிட்டியின் முன் உட்கார்ந்தார். எல்லோரும் அவருடைய சாதனையைப் புகழ்ந்தார்கள். அவர் சொன்ன பதில் அனைவரையும் திகைக்க வைத்தது.

நாட்டைக் காக்க வேண்டியிருந்ததால் அந்தக் கப்பல்களைக் கட்டியதாகவும், அதற்காகத் தாம் பெருமைப்படவில்லை என்றும் சொன்னார். கதிர்வீச்சை உண்டாக்குவது ஆபத்து, மனித குலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் என்று அஞ்சுவதாகச் சொன்னார். முடியுமானால் அத்தனை அணுக் கப்பல்களையும் மூழ்கடித்துவிடுவேன் என்றார். வாழ்நாள் முழுவதும் கட்டிய மனிதரே இப்படிச் சொன்னார்!

அவருக்குக் களங்கமும் வந்தது. கப்பல் கம்பெனி ஒன்றிடமிருந்து 16 ஆண்டுகளில் 67 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள பொருட்கள் வாங்கினார் என்று குற்றம் சாட்டினார்கள். 1985-ல் கடற்படை அவரைக் கண்டித்துக் கடிதம் கொடுத்தது. பொருள்கள் வந்ததை அவர் மறுக்கவில்லை. அதற்காக அந்தக் கம்பெனிக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை, தம் மனச்சாட்சி சுத்தமானது என்றார். அதே கம்பெனியின் கணக்கில் மோசடி இருக்கிறது என்று பல ஆண்டுகள் போராடியவரும் அவர்தான்.

1986 ஜூலை 8-ந் தேதி ரிக்கோவர் காலமானார். ஆர்லிங்டன் நகரில் போர் வீரர்களை அடக்கம் செய்யும் பெரிய கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பெயரை இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சூட்டினார்கள். ஒன்று 1984-ல் பணிக்கு வந்தது, மற்றொன்று 2023-ல்.

நாட்டிலஸ் கப்பல் 1980-ல் ஓய்வு பெற்றது. கனெக்டிகட் மாகாணத்தில் குரோட்டன் என்ற ஊரில் அது காட்சிச் சாலையாக நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் குறுகிய வழிகளில் குனிந்து நடக்கிறார்கள். சுவர் நெடுக ஓடும் குழாய்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். சந்தேகம் வந்ததும் எல்லாக் குழாய்களையும் பிடுங்கி எறியச் சொன்ன ஒரு மனிதர் இருந்தார். அதனால்தான் அந்தக் கப்பல் கடலுக்கு அடியில் போன ஒவ்வொரு தடவையும் பத்திரமாக மேலே வந்தது.